பெரியவர்கள் ஐசியுவிலிருந்து எஸ்.என்.சி.யு.வுக்குப் போகும் நர்ஸுக்கு

கேள்வி இதுதான்: பி.எஸ்சி. நர்சிங் முடித்து, கவுன்சில் பதிவும் வாங்கி, இரண்டு வருஷம் பெரியவர்கள் ஐசியுவில் வேலை பார்த்த ஒருவருக்கு அரசு மருத்துவமனையின் பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் (எஸ்.என்.சி.யு.) போஸ்டிங் கிடைத்திருக்கிறது. முதலில் எதைக் கற்றுக்கொள்வது, எங்கே தப்பு நடக்கும்?

மானிட்டர், சிரிஞ்ச் பம்ப், வெண்டிலேட்டர் எல்லாம் உங்களுக்குப் பழகியவை. அதனால் மெஷினைப் பார்த்துத் திணற மாட்டீர்கள். திணற வைப்பது அளவு. ஐசியுவில் கணக்கிலேயே வராத விஷயங்கள் இங்கே சிகிச்சையைப் புரட்டிப்போடும்.

ஒரு உதாரணம். குழந்தையின் உடம்பில் ரத்தம் கிலோவுக்கு 80 முதல் 90 மில்லி. 900 கிராம் குழந்தைக்கு மொத்தமே ஏறக்குறைய 75 மில்லிதான். கல்ச்சருக்கும் மற்ற டெஸ்ட்டுக்கும் சேர்த்து 2 மில்லி எடுத்தால், பெரியவர் ஒருவரிடம் 130 மில்லி எடுத்ததற்குச் சமம். ஒரு வாரம் தினமும் இப்படி எடுத்துவிட்டு, பிறகு ஹீமோகுளோபின் குறைந்துவிட்டது என்று ரத்தம் ஏற்றுவது எத்தனையோ இடங்களில் நடக்கிறது. எடுத்த ரத்தத்தை ஒவ்வொரு முறையும் சார்ட்டில் எழுதுங்கள். எழுதினால்தான் அடுத்தவர் தேவையில்லாமல் குத்த யோசிப்பார்.

ஃப்ளஷ்ஷும், அதாவது ஊசிக்குழாயைக் கழுவித் தள்ளும் சலைனும், அப்படித்தான். 1 கிலோ குழந்தைக்கு முதல் நாள் மொத்த திரவம் 80 மில்லி. மருந்துக்கு முன்னும் பின்னும் என்று 1 மில்லி நார்மல் சலைன் எட்டு முறை தள்ளினால் நாளின் பத்தில் ஒரு பங்கு அதிலேயே போய்விட்டது. கூடவே 1.2 மில்லி ஈக்விவலன்ட் சோடியமும் உள்ளே போயிருக்கும். முதல் நாள் டிரிப்ஸில் சோடியமே வேண்டாம் என்று டாக்டர் வெறும் 10% டெக்ஸ்ட்ரோஸ் எழுதியிருப்பார். நாம் பின்வாசல் வழியாக ஏற்றிக்கொண்டிருப்போம். அரை மில்லி ஃப்ளஷ் போதும். அதையும் இன்டேக்கில் கூட்டுங்கள்.

மருந்துக் கணக்கில்தான் பெரிய ஆபத்து. அமிகாசினையே எடுத்துக்கொள்வோம். 1.2 கிலோ குழந்தை, கிலோவுக்கு 15 மி.கி., ஆக 18 மி.கி. 2 மில்லி வயலில் 100 மி.கி. இருந்தால் மில்லிக்கு 50 மி.கி.; எடுக்க வேண்டியது 0.36 மில்லி. இதே 2 மில்லி அளவில் 250 மி.கி., 500 மி.கி. வயல்களும் வருகின்றன. ஸ்டோரிலிருந்து அன்றைக்கு 500 வந்திருந்து, கைப்பழக்கத்தில் அதே 0.36 எடுத்தால் உள்ளே போவது 90 மி.கி., அதாவது ஐந்து மடங்கு. காதும் கிட்னியும் பாதிக்கும் மருந்து இது. இன்னொரு பொறி சிரிஞ்ச். 1 மில்லி டியூபர்குலின் சிரிஞ்ச் தீர்ந்துபோய் யாராவது இன்சுலின் சிரிஞ்சை நீட்டினால் வாங்காதீர்கள். 40 யூனிட் சிரிஞ்சில் 36 என்ற கோடு 0.36 மில்லி இல்லை, 0.9 மில்லி.

இதைத் தடுக்கும் வழி எளிது, ஆனால் சோம்பல் வரும். மருந்தை நேராக எடுக்காமல் நீர்க்கச் செய்யுங்கள்: 50 மி.கி.யை 5 மில்லியாக்கினால் மில்லிக்கு 10 மி.கி.; 18 மி.கி.க்கு 1.8 மில்லி. கோடு தெளிவாகத் தெரியும், சிரிஞ்ச் பம்ப்பில் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஓட்டவும் வசதி. இரண்டாவது நர்ஸ் சரிபார்க்கும்போது உங்கள் விடையைக் காட்டாதீர்கள். அவர் தனியாகப் போட்டு, இரண்டு விடையும் ஒத்துப்போக வேண்டும். "0.36 தானே சிஸ்டர்?" என்று கேட்டு "ஆமா" வாங்குவது சரிபார்ப்பில் சேராது. எழுதும்போது .5 என்று எழுதாமல் 0.5 என்றும், 5.0 என்று எழுதாமல் 5 என்றும் எழுதுங்கள். புள்ளி அழிந்தால் பத்து மடங்கு. எந்த எடையை வைத்துக் கணக்குப் போடுகிறீர்கள் என்பதும் சார்ட்டில் இருக்கட்டும். பிறந்த எடையைத் திரும்ப எட்டும் வரை பிறந்த எடையையே வைப்பது வழக்கம்.

சர்க்கரைக் கணக்கையும் முதல் வாரத்திலேயே மனப்பாடம் செய்துவிடுங்கள். டெக்ஸ்ட்ரோஸ் சதவீதத்தை, கிலோவுக்கு ஒரு நாளைய மில்லியால் பெருக்கி 144-ஆல் வகுத்தால் நிமிஷத்துக்குக் கிலோவுக்கு எத்தனை மி.கி. குளுக்கோஸ் போகிறது என்று வரும். 10% டெக்ஸ்ட்ரோஸ் 60 மில்லி என்றால் 4.2. குளுக்கோமீட்டர் 45-க்குக் கீழே காட்டி, டாக்டர் 10% டெக்ஸ்ட்ரோஸ் கிலோவுக்கு 2 மில்லி போலஸாக (ஒரே தடவையாக) கொடுக்கச் சொன்னால், அதோடு கதை முடியாது. பின்னாலேயே 6 மி.கி. வேகத்தில் டிரிப்ஸ் ஓட வேண்டும். 2 கிலோ குழந்தைக்கு அது மணிக்கு 7.2 மில்லி. போலஸ் மட்டும் கொடுத்து டிரிப்ஸை ஓட்டாமல் விட்டால், ஏறிய சர்க்கரை இன்னும் வேகமாக இறங்கும். 30 நிமிஷத்தில் திரும்பப் பாருங்கள். திரவத்தைக் கூட்ட வேண்டாம் என்றால் செறிவைக் கூட்டலாம்: 10% ஐந்து பங்கு, 25% ஒரு பங்கு கலந்தால் 12.5%. கை கால் நரம்பில் அதற்கு மேல் போகக் கூடாது. குதிகாலில் குத்தும்போது ஓரப் பகுதியில் குத்துங்கள், நடுவில் வேண்டாம். ஸ்பிரிட் காய்ந்த பிறகு குத்துங்கள். ஈரத்தோடு எடுத்தால் ரீடிங் கெடும்.

அடுத்தது சூடு. அக்குளில் 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். குளிர்ந்த குழந்தைக்குச் சர்க்கரை இறங்கும், மூச்சுத் திணறும், மூச்சு நிற்கும். காரணம் தெரியாமல் எல்லா டெஸ்ட்டும் எடுப்பார்கள். தெர்மாமீட்டர் வைக்கும் முன்பே புறங்கையால் வயிற்றையும் பாதத்தையும் தொட்டுப் பாருங்கள். இரண்டும் வெதுவெதுப்பாக இருந்தால் சரி. வயிறு சூடாக, பாதம் சில்லென்று இருந்தால் குளிர் தாக்க ஆரம்பித்துவிட்டது. இரண்டுமே சில்லென்றால் அவசரம்.

வார்மரை ஸ்கின் மோடில், அதாவது தோலின் சூட்டுக்கு ஏற்ப ஹீட்டர் தானே கூடிக் குறையும்படி, 36.5-இல் வைப்பார்கள். சூட்டை அளக்கும் புரோப் மல்லாந்த குழந்தைக்கு வலது மேல் வயிற்றில், எலும்பு இல்லாத இடத்தில், மேலே பளபளப்பான பேட்சோடு இருக்க வேண்டும். புரோப் கழன்று விழுந்தால் அது அறைக் காற்றை அளக்கும். குழந்தை குளிர்ந்துவிட்டது என்று நினைத்து ஹீட்டர் முழு வேகத்தில் எரிந்து குழந்தையைச் சுடும். குழந்தையைக் கவிழ்த்துப் போட்டு, புரோப் அடியில் மாட்டிக்கொண்டால் நேர் எதிர்: சூடாக இருக்கிறது என்று நினைத்து ஹீட்டர் அணைந்துவிடும். மானுவல் மோடில் வைத்துவிட்டு வேறு குழந்தையிடம் போவது கூடவே கூடாது. புதியவர்கள் பார்க்கத் தவறும் இன்னொன்று ஹீட்டர் சக்தியைக் காட்டும் பட்டை. ஸ்கின் மோடில் குழந்தையின் வெப்பநிலை 36.5-லேயே நிற்கும். ஆனால் நேற்று 30 சதவீதத்தில் ஓடிய ஹீட்டர் இன்று 80-இல் ஓடுகிறது என்றால், அந்தக் குழந்தை தன் சூட்டைக் காப்பாற்ற முடியாமல் தவிக்கிறது. முதலில் புரோப்பையும் ஃபேன் காற்றையும் ஏசியையும் பாருங்கள். அங்கே கோளாறு இல்லையென்றால் செப்சிஸை (ரத்தத்தில் கிருமித் தொற்று) நினையுங்கள். நல்ல மெஷின் நோயை மறைத்துவிடும் இடம் இது.

மூக்கு வழியாக இடைவிடாத அழுத்தத்தில் காற்று கொடுக்கும் பபுள் சிபேப்தான் நம் ஊர் எஸ்.என்.சி.யு.வின் உயிர்நாடி. பொதுவாக அழுத்தம் 5 செ.மீ. தண்ணீர், ஆக்சிஜன் 30% அளவில், ஓட்டம் நிமிஷத்துக்கு 5 முதல் 7 லிட்டர் என்று தொடங்குவார்கள். பாட்டிலில் குமிழி வரவில்லை என்றால் ஓட்டத்தை ஏற்றுவதுதான் எல்லாரும் செய்வது, அதுதான் தப்பு. குழந்தையிடமிருந்து ஆரம்பித்துக் கசிவைத் தேடுங்கள். வாய் திறந்திருக்கிறதா? நாசிக் குழல் சின்ன சைஸா? குழலை நாசியிலிருந்து எடுத்து இரண்டு துளையையும் விரலால் அடைத்துப் பாருங்கள். இப்போது குமிழி வந்தால் கசிவு குழந்தையின் பக்கம். வராவிட்டால் சர்க்யூட்டில்: பெரும்பாலும் ஹியூமிடிஃபையர் சேம்பர் சரியாக உட்காரவில்லை, அல்லது ஏதாவது இணைப்பு தளர்ந்திருக்கும். குமிழி பலமாக வருவதாலேயே எல்லாம் சரி என்றும் இல்லை. மூக்கு சளியால் அடைத்திருந்தாலும் குமிழி அழகாக வரும், நுரையீரலுக்கு ஒன்றும் போகாது. சர்க்யூட்டில் தேங்கும் தண்ணீரைக் குழந்தைப் பக்கம் சாய்க்காமல் வடியுங்கள்.

சிபேப்பில் நர்ஸின் திறமை மூக்கில் தெரியும். நாசிக் குழலுக்கும் மூக்கின் நடுத்தண்டுக்கும் இடையே 2 மி.மீ. இடைவெளி எப்போதும் தெரிய வேண்டும். தொப்பி தளர்ந்தால் குழல் மேலே ஏறி நடுத்தண்டை அழுத்தும். முதலில் வெளுக்கும், பிறகு சிவக்கும், சில மணி நேரத்தில் தோல் போய்விடும். மூக்கு நடுத்தண்டு ஒருமுறை அழுகிவிட்டால் அந்தக் குழந்தை அதை வாழ்நாள் முழுக்கச் சுமக்கும். 2 முதல் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை குழலை எடுத்து, டார்ச் அடித்துப் பாருங்கள். காற்று வயிற்றுக்கும் போகும் என்பதால் வாய்வழி ட்யூபைத் திறந்தே வைக்க வேண்டும். ஃபீட் கொடுத்தபின் அரை மணி மூடி மறுபடி திறக்கலாம்.

ஆக்சிஜன் இங்கே ஒரு மருந்து, அதுவும் அளவு மீறினால் கண்ணைப் பறிக்கும் மருந்து. ஆக்சிஜனில் இருக்கும் குறைமாதக் குழந்தைக்குச் சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் நிறைவு) இலக்கு 90 முதல் 95 சதவீதம். ஐசியுவில் 99 பார்த்தால் நிம்மதியாக இருக்கும். இங்கே அதே 99 பார்த்தால் ஆக்சிஜனைக் குறைக்கக் கை போக வேண்டும். மேல் அலாரத்தை 95-இல் வையுங்கள், சத்தம் தொல்லை என்று அணைக்காதீர்கள். குழந்தை வெறும் அறைக் காற்றில் இருந்தால் 99 பிரச்சினையே இல்லை. அப்போது மட்டும் மேல் அலாரத்தை 100-க்கு விடலாம்.

மூச்சு நின்ற குழந்தையைப் பற்றி: 20 நொடிக்கு மேல் நின்றாலோ, அதற்குள்ளேயே இதயத்துடிப்பு 100-க்குக் கீழே போனாலோ, நீலம் பாய்ந்தாலோ அது அப்னியா. மானிட்டரின் சாச்சுரேஷன் எண் நொடிக்கணக்கில் பின்தங்கித்தான் வரும். தொண்டை அடைபட்டு மூச்சு தடைபடும்போது நெஞ்சு அசைந்துகொண்டே இருப்பதால், நெஞ்சசைவை எண்ணும் மானிட்டர் மூச்சு இருப்பதாகவே காட்டும். அலாரம் அடித்ததும் குழந்தையைப் பாருங்கள், பிறகு திரை. கழுத்து மடங்கியிருந்தால் நேராக்குங்கள், பால் வந்திருந்தால் உறிஞ்சுங்கள், முதுகை மெதுவாகத் தேயுங்கள். அதற்கும் எழவில்லை என்றால் பேக் மாஸ்க்கால் மூச்சு கொடுங்கள், நிமிஷத்துக்கு 40 முதல் 60 முறை. பேக்கும் சரியான சைஸ் மாஸ்க்கும் ஒவ்வொரு கட்டிலிலும் இருக்கிறதா என்று டியூட்டி ஏற்கும்போதே பார்த்துவிட வேண்டும். அந்த நேரத்தில் டிராலிக்கு ஓடக் கூடாது.

வென்ஃப்ளான் (நரம்பில் போடும் ஊசிக்குழாய்) பார்ப்பது சாதாரண வேலையாகத் தெரியும். மஞ்சள் 24, ஊதா 26 கேஜ்தான் இங்கே. ஒட்டுப்போட்டு மூடிவிட்டால் நுனி தெரியாது. நுனிக்கு மேலே தோல் தெரியும்படி ஒட்டுங்கள், மணிக்கு ஒருமுறை பாருங்கள், எதிர்க் கையோடு ஒப்பிட்டுத் தொடுங்கள். பம்ப் அலாரம் அடிக்கவில்லையே என்று நம்ப வேண்டாம். மணிக்கு 3 மில்லி ஓட்டத்தில் திரவம் சதைக்குள் இறங்கினாலும் பம்ப்புக்குத் தடை தெரியாது. கால்சியம் குளூக்கோனேட் மட்டும் வெளியே கசிந்தால் சதை கருகிவிடும். அதைச் சம அளவு நீர்க்கச் செய்து, இதயத்துடிப்பைப் பார்த்துக்கொண்டு, 10 நிமிஷத்தில் மெதுவாகக் கொடுக்க வேண்டும். அந்த 10 நிமிஷமும் நகரக் கூடாது.

ஃபீடிங். 5 அல்லது 6 பிரெஞ்ச் ட்யூபை வாய் ஓரத்திலிருந்து காது வரைக்கும், அங்கிருந்து நெஞ்செலும்பு நுனிக்கும் தொப்புளுக்கும் நடுவரைக்கும் அளந்து போடுங்கள். பாலைச் சிரிஞ்சால் அழுத்தாமல், சிரிஞ்சின் பிஸ்டனை எடுத்துவிட்டு உயரப் பிடித்துத் தானாக இறங்க விடுங்கள். ஒவ்வொரு ஃபீடுக்கும் முன்னால் ஆஸ்பிரேட் (வயிற்றில் மிச்சமிருப்பதை உறிஞ்சி) பார்ப்பது பழைய வழக்கம். வயிறு உப்பினாலோ சுற்றளவு 2 செ.மீ. கூடினாலோ பார்த்தால் போதும். பச்சையாகவோ ரத்தமாகவோ வந்தால் ஃபீடை நிறுத்திவிட்டு உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும்.

32 வாரத்துக்கு மேல் பாலாடைக்கு (மூக்கு வைத்த சின்னக் கிண்ணம்) வரலாம். நம் பாட்டிமார் சங்கில் ஊற்றிய பழக்கம் நம் கையிலும் இருக்கும், அதுதான் இங்கே சிக்கல். குழந்தையைத் துணியில் சுற்றி, அரை உட்காரலாகத் தலையைத் தாங்கிப் பிடியுங்கள். பாலாடையைப் பாதிக்குச் சற்று மேல் நிரப்பி, அதன் மூக்கைக் குழந்தையின் கீழுதட்டின் ஓரத்தில் வைத்துச் சாய்த்தால் பால் உதட்டைத் தொடும். அங்கேயே நிறுத்துங்கள். குழந்தை நாக்கை நீட்டி உறிஞ்சும், விழுங்கும், மூச்சுவிடும். அதற்குப் பிறகுதான் அடுத்த வாய். ஊற்றினால் கண்ணை விரித்து, விரல்களை விரித்து, நெற்றியைச் சுருக்கிக் காட்டும். அந்த நொடியில் நிறுத்தாவிட்டால் அடுத்தது நீலம். 20 நிமிஷத்துக்கு மேல் போனால் மிச்சத்தை ட்யூபில் கொடுங்கள். கழுத்துத் துணியில் வழிந்ததைக் குடித்த கணக்கில் எழுதிவிட்டு, எடை ஏன் ஏறவில்லை என்று ரவுண்ட்ஸில் யோசிப்பது அடிக்கடி நடக்கும்.

ஃபீடில்தான் செப்சிஸின் முதல் வாசனையும் வரும். நேற்று 10 நிமிஷத்தில் 25 மில்லி குடித்த குழந்தை இன்று 10 மில்லிக்கே தூங்கிவிடுகிறது. இதயத்துடிப்பு 140-இலிருந்து 170-க்கு ஏறியிருக்கிறது. நெஞ்சில் அழுத்திவிட்டால் நிறம் திரும்ப 3 நொடிக்கு மேலாகிறது. தனித்தனியாக எதுவும் பெரிதில்லை. "சார், பேபி டல்லா இருக்கு" என்று போனில் சொன்னால் "பாருங்க, வரேன்" என்றுதான் பதில் வரும். இந்த எண்களை நேரத்தோடு சொன்னால் எழுந்து வருவார். தொடர்ந்து மூன்று நாள் அதே குழந்தையைப் பார்த்த நர்ஸ் "இது நேற்று மாதிரி இல்லை" என்று சொன்னால் அதற்கு மதிப்பு உண்டு. அதனால் முடிந்தவரை அதே கட்டில்களைக் கேட்டு வாங்குங்கள்.

கை கழுவுவது பற்றி எல்லாருக்கும் தெரியும் என்பதால்தான் தப்பு நடக்கிறது. உள்ளே வரும்போது முழங்கை வரை 2 நிமிஷம். குழந்தைக்குக் குழந்தை சானிடைசர், காய்கிற வரை. வளையல், மோதிரம், வாட்ச் எல்லாம் லாக்கரில். போன் பாக்கெட்டில் இருந்தால் கழுவிய கையால் அதைத் தொடாமல் இருக்க யாராலும் முடியாது, அதுவும் லாக்கரில்.

மஞ்சள் காமாலைக்கு நீல விளக்கு போட்டபின் தோலைப் பார்த்துக் குறைந்துவிட்டது என்று முடிவு செய்யாதீர்கள். விளக்கு தோலைத்தான் முதலில் வெளுக்கும். ரத்தத்தில்தான் பார்க்க வேண்டும். இந்தச் சிகிச்சையே ஒரு நர்ஸின் கண்ணிலிருந்து வந்தது: 1956-இல் இங்கிலாந்தின் ராச்ஃபோர்ட் மருத்துவமனையில் சிஸ்டர் வார்ட், வெயிலில் காட்டிய குழந்தையின் தோல் வெளுத்து, துணி மூடிய இடம் மட்டும் மஞ்சளாக இருப்பதைக் கவனித்து டாக்டர்களிடம் காட்டினார்.

கங்காரு பராமரிப்பை, அதாவது குழந்தையைத் தாயின் நெஞ்சில் தோலோடு தோலாக வைப்பதை, குழந்தை தேறிய பிறகு செய்யும் விஷயமாக இன்னும் பலர் வைத்திருக்கிறார்கள். இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் 1 முதல் 1.8 கிலோவுக்குள் பிறந்த குழந்தைகளிடம் நடந்து 2021-இல் வெளியான ஆய்வில், பிறந்த உடனே தாயின் நெஞ்சில் வைத்த பிரிவில் 28 நாளுக்குள் இறப்பு 12 சதவீதம். நிலைப்படும் வரை காத்திருந்த பிரிவில் 15.7 சதவீதம். நம்மிடம் இருக்கும் எந்த மெஷினும் இவ்வளவு மலிவாக இவ்வளவு செய்யாது. சிபேப்பில் இருக்கும்போதே வைக்கலாம். தடையாக இருப்பது பெரும்பாலும் தாய்க்கு நாற்காலி இல்லாததும், "கூட்டம்" என்று அவரை வெளியே நிறுத்துவதும்தான்.

தாயிடம் பேசும்போது "ஒண்ணும் பயமில்லம்மா" என்று சொல்லிவிடாதீர்கள். நாளைக்கு ஏதாவது ஆனால் அந்த வார்த்தைதான் நிற்கும். "பாப்பாவுக்கு இப்ப மூச்சுக்கு மெஷின் உதவி வேணும்மா. நேத்தைவிட ஆக்சிஜன் கம்மியா போதுது. பால் 5 மில்லி ஏத்திருக்கோம்" என்று நடப்பதைச் சொல்லுங்கள். குணமாகுமா என்ற கேள்வி வந்தால் டாக்டரோடு உட்காரவைத்துப் பேசுங்கள். ஆளுக்கொன்று சொல்வதால்தான் வார்டில் சண்டை வருகிறது.

ஒரு நர்ஸுக்கு 3, 4 குழந்தை என்பது எஸ்.என்.சி.யு. கணக்கு. நைட்டில் அதற்கு மேலும் வரும். அப்போது எதை விடலாம் என்று நீங்களே முடிவு செய்ய வேண்டியிருக்கும். குளிப்பாட்டல், பெட் மாற்றுவது, ரிஜிஸ்டரில் அழகாக எழுதுவது தள்ளிப்போகட்டும். வென்ஃப்ளான் இடம், சிபேப் மூக்கு, ஆக்சிஜன் அளவு, இரண்டு பேர் மருந்துச் சரிபார்ப்பு இவை தள்ளிப்போகக் கூடாது.

டிஸ்சார்ஜில் ஒன்று மட்டும் கண்டிப்பாக. 34 வாரத்துக்கு முன் பிறந்த, அல்லது 2 கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்குப் பிறந்து 4 வாரத்துக்குள் விழித்திரைப் பரிசோதனை. 28 வாரத்துக்கு முன் அல்லது 1.2 கிலோவுக்குக் கீழ் என்றால் 2, 3 வாரத்திலேயே. "கண் டாக்டரைப் பாருங்க" என்று எழுதினால் யாரும் போக மாட்டார்கள். தேதி, இடம், எந்த அறை என்று அட்டையில் எழுதி, தந்தையின் போன் நம்பரையும் வாங்கி வையுங்கள்.

பயிற்சிக்கு, எஃப்.பி.என்.சி. (மருத்துவமனையில் பச்சிளம் குழந்தை பராமரிப்பு) வகுப்புக்கும் அதன்பின் பெரிய மையத்தில் நடக்கும் நேரடிப் பயிற்சிக்கும் உங்கள் பெயரைச் சேர்க்கச் சொல்லி நர்சிங் சூப்பரின்டெண்டன்டிடம் முதல் மாதமே எழுதிக் கொடுங்கள். ஓரிரு வருஷம் கழித்தும் இந்த வேலை பிடித்திருந்தால் இந்திய நர்சிங் கவுன்சிலின் ஒரு வருஷ போஸ்ட் பேசிக் நியோநேட்டல் டிப்ளமோ இருக்கிறது.